பெயில், சரீரப் பிணை, காசுப் பிணை: கடைக்கு வர்றவங்க திரும்பத் திரும்ப கேட்கிற கேள்விகள்

நான் வேலை செய்றது இலங்கையில, மலைநாட்டு டவுன் ஒன்னுல, கோட்டுக்கு, அதாவது நீதிமன்றத்துக்கு எதிர்ல இருக்கிற கொமினிகேஷன் கடையில. காலையில கதவு திறக்கும்போதே தேயிலைத் தோட்டத்து சனம் ஐசி (அடையாள அட்டை) கொப்பி எடுக்க, ஜீஎஸ் (கிராம சேவகர்) சேட்டிபிக்கட் கொப்பி எடுக்க வந்து நிக்கும். மெஷின் ஓடுற நேரத்துல அவங்க கேட்கிற கேள்விகள் எல்லாம் ஒன்னேதான், 9 வருஷமா கேட்டுக்கிட்டு இருக்கேன். நான் லொயர் இல்ல. கடைக்கு வர்ற லொயர்மார்கிட்ட ஒவ்வொன்னா விசாரிச்சு, சட்டப் புத்தகத்தையும் பார்த்து எழுதி வச்சதத்தான் இங்க போடுறேன்.

பெயில்னா காசு கட்டி கேஸ முடிச்சுக்கிறதுதானே?

இல்ல. காசு கட்டி முடிக்கிறது அபராதம், அது தீர்ப்புக்கு அப்புறம் வர்றது. பெயில், அதாவது பிணைங்கிறது கேஸ் நடக்கிற வரைக்கும் ஆள் வீட்டுல இருக்கலாம், கூப்பிடுற தேதிக்கெல்லாம் கோட்டுக்கு வந்துடணும்னு ஒரு ஒப்பந்தம், அவ்வளவுதான். பிணையில வந்தவர் குற்றவாளியும் இல்ல, கேஸ்ல இருந்து தப்பினவரும் இல்ல. குற்றம் நிரூபிக்கிற வரைக்கும் நிரபராதின்னு அரசியலமைப்பு 13ம் உறுப்புரையில இருக்கு.

நம்ம நாட்டுல இதுக்கு 1997ம் வருஷத்து 30ம் இலக்க பிணைச் சட்டம் இருக்கு. பிணை குடுக்கிறதுதான் விதி, மறுக்கிறது விதிவிலக்குன்னு அதுல ஆரம்பத்துலயே சொல்லியிருக்கு. ஏதோ தயவு கேட்டு நிக்கிற மாதிரி கைகட்டி நிக்கிறவங்கள பார்க்கிறப்போ இத சொல்லணும்னு எனக்கு வாய் துடிக்கும்.

பொலிஸ்லயே பெயில் எடுக்கலாமா, கட்டாயம் கோட்டுக்குத்தான் போகணுமா?

குற்றங்கள ரெண்டா பிரிச்சு வச்சிருக்காங்க, பிணை குடுக்கக்கூடியது, பிணை குடுக்க முடியாததுன்னு. முதல் வகையா இருந்தா, இந்தத் தேதிக்கு கோட்டுக்கு வர்றேன்னு எழுத்துல வாங்கிக்கிட்டு ஸ்டேஷன் ஓஐசியே (பொறுப்பதிகாரியே) விடலாம், அதுக்கு ஸ்டேஷன்ல யாருக்கும் காசு குடுக்க வேண்டியதில்ல. விடலைன்னா 24 மணித்தியாலத்துக்குள்ள, பயண நேரத்த கழிச்சு, மெஜிஸ்ட்ரேட் முன்னால கொண்டு போகணும். ரெண்டாவது வகைன்னா பிணையே கிடையாதுன்னு பயந்துடாதீங்க, குடுக்கிறதா இல்லையான்னு மெஜிஸ்ட்ரேட் முடிவு பண்ணுவார்னுதான் அர்த்தம்.

ரெண்டு லட்சம் சரீரப் பிணைன்னு சொல்லிட்டாங்க, அவ்வளவு காசுக்கு நாங்க எங்க போறது?

இந்த ஒரு கேள்விக்காகத்தான் இத எழுத ஆரம்பிச்சேன். சரீரப் பிணைக்கு கையில காசு வேண்டாம். ஒரு ரூபாகூட கட்ட வேண்டியதில்ல. பிணையாளி வந்து, இந்த ஆள் கோட்டுக்கு வராம போனா நான் 2 லட்சம் கட்டுறேன்னு பத்திரத்துல கையெழுத்து மட்டும்தான் போடுறார். ஆள் ஒழுங்கா தவணைக்கு, அதாவது கோட்டு கூப்பிடுற தேதிக்கு வந்துட்டா அந்த 2 லட்சம் கடைசி வரைக்கும் பேப்பர்ல இருக்கிற எண்ணுதான்.

எங்க அண்ணன திருவிழாவுல நடந்த ஒரு அடிபிடிக்கு புடிச்சாங்க. முதல் நாளே பிணை குடுத்தாச்சு, தலா 1 லட்சம் ரூபா ரெண்டு சரீரப் பிணை. அப்பாவுக்கு லட்சம்ங்கிற சொல்லு மட்டும்தான் காதுல விழுந்துச்சு. வீட்டுக்கு வந்து அம்மாவோட காதுத் தோட்ட கழட்டி அடகு வச்சு, தலைவர்கிட்ட கேட்டு, கடை மொதலாளிகிட்ட கேட்டு, சேர்ந்தது 38,000. அத ஒரு சொப்பிங் பேக்குல சுத்தி இடுப்புல கட்டிக்கிட்டு அலைஞ்சார். இன்னும் காசு பத்தலன்னு அண்ணன் 11 நாள் உள்ள இருந்தான். பன்னிரண்டாவது நாள் பஸ்ஸுல பக்கத்துல உக்கார்ந்திருந்த ஒரு ஆள்தான், ஐயா இதுக்கு காசு வேண்டாம், ஐசியோட ரெண்டு பேர் வந்தா போதும்னு சொன்னார். சித்தப்பாவும் மாமாவும் போய் கையெழுத்து போட்டாங்க, சாயந்தரம் அண்ணன் வந்துட்டான். அந்தத் தோடு இன்னைக்கு வரைக்கும் திரும்பல.

அப்போ காசுப் பிணைன்னா? அந்தக் காசு திரும்பக் கிடைக்குமா?

காசுப் பிணை, ரொக்கப் பிணைன்னு சொல்றதுக்கு உண்மையிலேயே கையில காசு வேணும். கோட்டுல கட்டி ரசீது எடுக்கணும். கேஸ் முடியிற வரைக்கும் தவணை தவறாம ஆள் வந்திருந்தா, தீர்ப்பு எப்படி வந்தாலும் அந்தக் காசு திரும்ப வரும். ரசீது யார் பேர்ல எழுதியிருக்குன்னு அங்கேயே பாருங்க, வீட்டுக்கு போனதும் கொப்பி ரெண்டு எடுத்து வைங்க. ரசீத தொலைச்சிட்டு வந்து அழுறவங்கள மாசத்துக்கு ஒருத்தரையாவது பார்க்கிறேன்.

ஆனா திரும்ப வரும்ங்கிறது பாதி உண்மை. 2024ல தோட்டத்துக்கு அறிவிச்ச அடிப்படை சம்பளம் நாளைக்கு 1,350 ரூபா. 25,000 காசுப் பிணைன்னா 18 பேருக்கும் மேல (தோட்டத்துல ஒரு பேர்னா ஒரு நாள் வேலை), அதுவும் ஒரு வாய் சோறு திங்காம. அதனால வட்டிக்கு எடுக்கிறாங்க. நூத்துக்கு பத்துன்னா மாசம் 2,500. கேஸ் 2 வருஷம் இழுத்தா வட்டி மட்டும் 60,000. கோட்டுல இருந்து அதே 25,000தான் வரும். கையில காசு இருக்கிறவருக்கு அது பேங்க்ல போட்டு வச்ச மாதிரி, இல்லாதவருக்கு தண்டனை அன்னைக்கே ஆரம்பிச்சாச்சு.

காசு இல்லைன்னு சொன்னா குறைப்பாங்களா, சொன்னா கோவப்படுவாங்களா?

சொல்லணும். சொல்லாம தலைய ஆட்டிட்டு வெளிய வந்து அழுறதாலதான் பாதிப் பேர் உள்ள போறாங்க. பிணைச் சட்டத்துல 5 விதமா விடலாம்னு இருக்கு: வர்றேன்னு உறுதி குடுத்து, சொந்தப் பிணையில (ஆள் தானே கையெழுத்து போட்டு), பிணையாளிகள வச்சு, நியாயமான ஒரு தொகைய கட்ட வச்சு, கோட்டு சொல்ற மாதிரி உறுதிப்படுத்தின பிணையில. காசு இதுல ஒன்னு மட்டும்தான். பிணைத் தொகை அளவுக்கு மிஞ்சிப் போகக் கூடாதுன்னு குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டக்கோவையிலயும் இருக்கு.

அதனால லொயர் பேசும்போதே இவர் கொழுந்து எடுக்கிறவர், நாள் சம்பளம் இவ்வளவு, பிள்ளைங்க இத்தன பேர்னு சொல்ல வைங்க, பே சிலிப் இருந்தா கையில குடுங்க. உத்தரவு போட்டு முடிஞ்சிருந்தா மோஷன் (எழுத்துல ஒரு மனு) போட்டு நிபந்தனைய மாத்தச் சொல்லி கேட்கலாம். அதுவும் சரிவரலைன்னா மேல் நீதிமன்றத்துக்கு போகலாம், தொகைய குறைக்க அங்க அதிகாரம் இருக்கு. பிணையே குடுக்க மாட்டேன்னு சொன்னா அதுக்கு காரணத்த எழுத்துல குடுக்கணும், அந்தக் கொப்பிய கேட்டு வாங்குங்க, மேல போக அது வேணும்.

பிணை நிக்க தோட்டத்து ஆள் சரிவருமா, அரசாங்க உத்தியோகத்தர்தான் நிக்கணுமா?

தோட்டத்து ஆள் தாராளமா நிக்கலாம். சில கேஸுக்கு நெருங்கின சொந்தக்காரர் வேணும், நிரந்தர வேலை உள்ளவர் வேணும்னு மெஜிஸ்ட்ரேட் தனியா சொல்லுவார், அத மட்டும் கவனமா கேட்டுக்கோங்க. வழக்கமா கேட்கிறது ஐசி, பிரதேச செயலகத்துல கையெழுத்து வாங்கின ஜீஎஸ் சேட்டிபிக்கட், சில நேரம் வேலைக் கடிதம். தோட்டத்து ஆபீஸ்ல கிளாக்கர் ஐயாகிட்ட முதல் நாளே போய் சேவைக் கடிதத்துக்கும் பே சிலிப்புக்கும் சொல்லி வைங்க.

மாட்டிக்கிறது சின்ன விஷயத்துல. ஐசியில கீழ்ப்பிரிவுன்னு இருக்கும், சேட்டிபிக்கட்ல லோவர் டிவிஷன்னு இருக்கும். ஒன்னுல லயத்து (தோட்டத்து வரிசை வீட்டு) நம்பர் இருக்கும், இன்னொன்னுல இருக்காது. சிங்களத்துல எழுதும்போது பேர்ல ஒரு எழுத்து மாறியிருக்கும். போன மாசம் ஒரு அம்மா, மகனுக்காக, செல்லம்மாவா செல்லம்மாளான்னு ஒரு எழுத்துக்காக திரும்ப ஜீஎஸ்கிட்ட போனாங்க. அவர் அன்னைக்கு ஃபீல்டுல, மறுநாள் போயா லீவு, அதுக்கு மறுநாள் சனிக்கிழமை. அந்தப் பையன் நாலு நாள் சும்மா உள்ள இருந்தான். சேட்டிபிக்கட் கைக்கு வந்ததும் ஐசிய பக்கத்துல வச்சு எழுத்தெழுத்தா பார்த்துட்டு அங்க இருந்து கிளம்புங்க.

உறுதி, அதாவது சொத்துப் பத்திரம் இருக்கான்னு கேட்டாங்க. லயத்துக்கு உறுதி எங்க இருக்கு?

நாலு தலைமுறையா இருக்கிற காம்பரா (லயத்து அறை) நம்ம பேர்ல இல்ல. 1948ல குடியுரிமைய எடுத்தாங்க, மிச்சம் இருந்தவங்களுக்கு 2003ல சட்டம் போட்டுத்தான் முழுசா குடுத்தாங்க, ஆனா வீட்டுக்கு உறுதி இல்லாதவங்க இன்னைக்கும் எத்தனையோ பேர். சொத்துப் பத்திரம் கேட்கிற பிணைன்னா நம்ம ஆளுக்கு அங்கேயே கதவு சாத்தின மாதிரிதான். அந்த மாதிரி உத்தரவு வந்தா, இவர் தோட்டத்து லயத்துல இருக்கிறவர், உறுதி இருக்க வழியில்லைன்னு மேல சொன்ன மாதிரி மோஷன்ல எழுதிக் கேளுங்க.

கோட்டு வாசல்ல ஒருத்தர் 10,000 குடுத்தா பிணையாளி பிடிச்சுத் தர்றேங்கிறார், குடுக்கலாமா?

வேண்டாம். முன்னப்பின்ன தெரியாத ஆள், தெரிஞ்சவன்னு சொல்லி கையெழுத்து போடுறது கோட்ட ஏமாத்துற வேலை. பல நேரம் சேட்டிபிக்கட்டும் பொய்யா இருக்கும். புடிபட்டா அவனும் உள்ள, உங்க ஆளோட பிணையும் போகும், இன்னொரு கேஸும் சேரும். நம்ம நாட்டுல பிணைக்கு கமிஷன் வாங்குற கம்பெனியோ லைசன்ஸ் உள்ள ஆளோ கிடையாது. லயத்துல ரெண்டு பேர் ஒரு நாள் பேர விட்டுட்டு வந்தா முடியிற விஷயம், அவங்களுக்கு அந்த நாள் சம்பளத்தையும் பஸ் காசையும் குடுங்க, 10,000ல பாதிகூட வராது.

தம்பி கொழும்புல கடையில வேலை, அங்க புடிச்சிட்டாங்க. இங்க இருந்து நாங்க என்ன பண்றது?

மஸ்கெலியா, பொகவந்தலாவ, லிந்துல பக்கம் இருந்து போற பிள்ளைங்களுக்கு இதுதான் பெரிய ஆபத்து. அங்க அவனுக்கு சொந்தம் இல்ல, தங்குறது கடை மாடியில, நிரந்தர விலாசம் சொல்லுன்னு கேட்டா முழிப்பான். விலாசம் இல்லாதவன் ஓடிடுவான்னு நினைப்பாங்க, தவணைக்கு வர மாட்டார்ங்கிறது பிணை மறுக்க சட்டத்துல இருக்கிற ஒரு காரணம்.

அதனால முதல்ல விலாசத்த காட்டுங்க. தோட்டத்து விலாசத்துக்கு ஜீஎஸ் சேட்டிபிக்கட் எடுத்து, பிரதேச செயலகத்துல கையெழுத்து வாங்கிட்டு பஸ் ஏறுங்க, அங்க போய் திரும்பி வந்து எடுக்க முடியாது. பிணையாளிகள் ரெண்டு பேரையும் ஒரேயடியா கூட்டிக்கிட்டு போங்க, மூணாவதா ஒருத்தரும் வந்தா நல்லது, ஏன்னா ஒருத்தரோட பேப்பர்ல பிழை வந்தா அன்னைக்கே மாத்தி நிறுத்தலாம். மத்தியானத்துக்கு முன்னால பேப்பர் குடுத்துடணும். பிணை கிடைச்சும் கையெழுத்து வேலை முடியலைன்னா ஆள் அன்னைக்கு ராத்திரியும் சிறையிலதான்.

ஐயா என்ன சொன்னார்னே விளங்கல, எல்லாம் சிங்களத்துல நடந்துச்சு. யார்கிட்ட கேட்கிறது?

வடக்கு கிழக்குக்கு வெளிய கோட்டு நடக்கிறது சிங்களத்துல. ஆனா கோட்டு மொழி தெரியாதவருக்கு தமிழ்ல மொழிபெயர்ப்பு அரசாங்கமே குடுக்கணும்னு அரசியலமைப்பு 24ம் உறுப்புரையில இருக்கு. கூண்டுல நிக்கும்போதே, ஐயா எனக்கு தமிழ்லதான் விளங்கும்னு சொல்ற உரிமை இருக்கு. வெளிய வந்ததும் லொயர்கிட்ட மூணு விஷயத்த கடதாசியில எழுதி வாங்குங்க: எந்தப் பிணை, எத்தன பேர், அடுத்த தவணை எப்போ. அப்பா அன்னைக்கு இந்தக் கடதாசிய வாங்கியிருந்தா 11 நாள் போயிருக்காது.

லொயருக்கு குடுக்கவும் காசு இல்லையே?

சட்ட உதவி ஆணைக்குழு இருக்கு, 1978லயே சட்டம் போட்டு ஆரம்பிச்சது, வருமானம் குறைஞ்சவங்களுக்கு லொயர் குடுக்கும். சம்பளச் சீட்டோட போங்க. பொலிஸ்ல அடிச்சிருந்தாலோ, எங்க வச்சிருக்காங்கன்னு சொல்லாம இருந்தாலோ மனித உரிமைகள் ஆணைக்குழுவோட 1996ங்கிற நம்பருக்கு எடுங்க.

சின்னக் கேஸ்தான், ஒத்துக்கிட்டா இன்னைக்கே வீட்டுக்கு போகலாம்கிறாங்க. ஒத்துக்கவா?

செஞ்சிருந்தா அது வேற பேச்சு, லொயர்கிட்ட கேட்டு முடிவு பண்ணுங்க. செய்யாதத, பிணைக்கு காசு இல்லைங்கிறதுக்காக மட்டும் ஒத்துக்க போறீங்கன்னா தயவுசெஞ்சு ஒரு நிமிஷம் நில்லுங்க. கசிப்பு (கள்ளச் சாராயம்) கேஸ்ல பக்கத்து காம்பராக்காரனோட போத்தலுக்கு தான் ஒத்துக்கிட்டு அபராதம் கட்டின ஒருத்தர எனக்கு தெரியும். ரெண்டு வருஷம் கழிச்சு இவருக்கு டவுன்ல செக்கியூரிட்டி வேலை தேட வேண்டியதா போச்சு, பொலிஸ் ரிப்போர்ட்ல அது நின்னுச்சு, வேலை கிடைக்கல. அபராதம் கட்ட முடியலைன்னாலும் சிறைதான். சரீரப் பிணைக்கு காசு வேண்டாம்னு மேல சொன்னது தெரிஞ்சிருந்தா அவர் ஒத்துக்கிட்டிருக்க மாட்டார்.

எந்தக் கேஸுக்கு மெஜிஸ்ட்ரேட்டால பிணை குடுக்க முடியாது?

மரண தண்டனை, ஆயுள் தண்டனை வரக்கூடிய கேஸுக்கு, கொலை மாதிரி, மேல் நீதிமன்றம்தான் குடுக்கும். பயங்கரவாதத் தடைச் சட்டம் தனி, அதுக்கு பிணைச் சட்டம் பொருந்தாது. போதைப்பொருளுக்கும் வேற சட்டம், 2022ல திருத்தி ஐஸையும் உள்ள கொண்டு வந்தாங்க. தூள், ஐஸ் விக்கிறது, வச்சிருக்கிறது மாதிரி பெரிய கேஸ்ல விசேஷ காரணம் காட்டினாத்தான் பிணை. அரசாங்க சொத்துல 25,000 ரூபாவுக்கு மேல சேதம், களவுன்னு கேஸ் வந்தாலும் இதே மாதிரி விசேஷ காரணம் கேட்பாங்க. இதுக்கெல்லாம் கட்டாயம் லொயர் வேணும், இந்தப் பக்கத்த நம்பி போகாதீங்க.

14 நாளுக்கு ஒருக்கா தள்ளித் தள்ளி போடுறாங்க, இப்படி எவ்வளவு நாள் வைக்கலாம்?

பிணைச் சட்டத்துக்கு கீழ வர்ற கேஸ்னா, தீர்ப்பில்லாம 12 மாசத்துக்கு மேல வைக்கக் கூடாது. சட்டமா அதிபர் கேட்டு மேல் நீதிமன்றம் ஒத்துக்கிட்டா ஒரு தடவைக்கு 3 மாசம்னு நீட்டலாம், அதுவும் மொத்தமா இன்னொரு 12 மாசத்த தாண்டக் கூடாது. நாள எண்ணி வைங்க, 12 மாசம் ஆகுறப்போ லொயர் இத சொல்லி பிணை கேட்கணும்.

நம்ம நாட்டு சிறையில இருக்கிறவங்கள்ல பாதிக்கு மேல தண்டனை கிடைக்காத ரிமாண்ட் ஆளுங்க. அவங்களுக்கு வெளிய ஒரு வீடு இருக்கு. பதுளைக்கோ பல்லேகலைக்கோ ஒரு தடவை பார்க்க போனா ஒரு நாள் சம்பளம் போகும், பஸ் காசு போகும், பார்சல் கட்டணும். பிள்ளை ஸ்கூலுக்கு போகாது, ஏன்னா மத்த பிள்ளைங்க கேட்பாங்க. தீர்ப்புல குற்றம் இல்லைன்னு வந்தாலும் இதுல ஒன்னும் திரும்பாது.

அமெரிக்காவுல காசுப் பிணையவே எடுத்துட்டாங்களாமே, உண்மையா?

முழு நாட்டுலயும் இல்ல. இலினோய் மாநிலத்துல 2023 செப்டம்பர்ல இருந்து காசுப் பிணையே இல்ல. மத்த பல இடத்துல கம்பெனிக்கு பத்துல ஒரு பங்கு குடுத்தா அவன் பிணை நிப்பான், அந்தப் பங்கு திரும்ப வராது. நியூயோர்க்ல 2010ல கலிஃப் பிரவுடர்னு 16 வயசுப் பையன் ஒரு பையத் திருடினதா புடிச்சாங்க, பிணை 3,000 டொலர், வீட்டுல இல்ல. 3 வருஷம் உள்ள இருந்தான், வழக்கே நடக்கல, கடைசியில கேஸ கைவிட்டாங்க. 2015ல அவன் உயிர மாய்ச்சுக்கிட்டான். அத வாசிச்ச அன்னைக்கு அண்ணனோட 11 நாளத்தான் நினைச்சேன். நம்ம சட்டத்துல காசில்லாம விட வழி ஏற்கனவே எழுதியிருக்கு, அத கேட்கத் தெரியாம உள்ள இருக்கிறதுதான் எனக்கு தாங்க முடியல.

நான் பிணை நின்ன பையன் தவணைக்கு வரல. இப்போ எனக்கு என்ன ஆகும்?

அவனுக்கு வாரண்ட் போகும், உங்களுக்கு கோட்டுல இருந்து அழைப்பு வரும். ஏன் அந்தத் தொகைய உங்ககிட்ட இருந்து அறவிடக் கூடாதுன்னு கேட்பாங்க. அழைப்ப பார்த்து ஒளிஞ்சுக்காதீங்க, போய் நில்லுங்க. ஆஸ்பத்திரியில இருந்தான்னா டிக்கட்ட கொண்டு போங்க, எங்க இருக்கான்னு தெரிஞ்சா சொல்லுங்க. பையன் ஓடப் போறான்னு முன்னாலயே சந்தேகம் வந்தா, என்ன பிணையில இருந்து விடுங்கன்னு நீங்களே கோட்டுல கேட்கலாம், அப்போ அவன் வேற பிணையாளிய கொண்டு வரணும்.

இதுக்கு பயந்து யாருக்கும் பிணை நிக்க மாட்டேன்னு சொல்லிடாதீங்க. சித்தப்பா அன்னைக்கு கையெழுத்து போட்டுட்டு ஒன்னே ஒன்னு செஞ்சார், ஒவ்வொரு தவணைக்கும் முதல் நாள் ராத்திரி எங்க காம்பராவுக்கு வந்து, தம்பி நாளைக்கு கோட்டு, காலையில முதல் பஸ்ன்னு சொல்லிட்டு போவார். ரெண்டு வருஷம் கேஸ் நடந்துச்சு, அண்ணன் ஒரு தவணைகூட விடல.